வெளிச்சம் ஒழுகும் டிரம்

அத்தியாயம் 3

சப்-இன்ஸ்பெக்டர் சின்னையனுக்குக் காபி வந்தது. அவருக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த சதாசிவத்துக்கும் வந்தது. பார்வதம் மேடத்துக்கும் எனக்கும் வரவில்லை. இரண்டு நாற்காலிகள் சும்மா கிடந்தும் எங்களை உட்காரச் சொல்ல அந்த ஸ்டேஷனில் யாருக்கும் வாய் வரவில்லை. நாஸ்தா சாப்பிடாமல் வந்தவனுக்கு அடுத்தவன் காபி வாசனை எவ்வளவு எரிச்சலைக் கிளப்பும் என்பது சாப்பிட்டு வந்தவர்களுக்குத் தெரியாது.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல நம்பர் போட்டுக்கினு இருந்த பொம்பள துப்பறியிறேன்னு போர்டு மாட்டிக்கினா, நான் எழுந்து சல்யூட் அடிக்கணுமா?" என்றார் சின்னையன். மேடத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, காபியைப் பார்த்துச் சொன்னார்.

"சல்யூட் வேணாம் சார், காபி போதும்," என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

பார்வதம் மேடம் ஆபரேட்டர் வேலையை உதறிவிட்டு, செங்கல்பட்டு ஜங்ஷனுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்தவர். நான் காத்தவராயன். லாரி கிளீனராக இருந்து அவரிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். பெண் என்பதால் அவரையும் கிளீனர் என்பதால் என்னையும் போலீஸ்காரர்கள் மதிப்பதில்லை. அந்த விஷயத்தில் எங்களுக்குள் ஏற்றத்தாழ்வு கிடையாது.

சின்னையனின் மேஜைமேல் வழக்கு உட்கார்ந்திருந்தது. நீல ஜிகினாத்தாள் ஒட்டிப் பளபளவென்று மின்னும் ஜப்பான் டிரம். அதன் கூட்டாளிகளான மற்ற டிரம்கள் மூலையில் கிடந்தன.

சதாசிவம் 'தேன்துளி' என்ற மெல்லிசைக் குழுவை நடத்துகிறவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா எதையும் விடமாட்டார். அவர் குழுவில் டிரம் அடிப்பவன் தாவீது. இருவரிடமும் ஆளுக்கொரு ஜப்பான் செட் உண்டு. சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்த ஒரே ஆள் கொண்டுவந்து கொடுத்தவை. ஒரே நீலம், ஒரே பித்தளை பேட்ஜ். அடையாள நம்பர் என்று ஜப்பான்காரன் எதையும் அடித்து அனுப்பவில்லை. போன வாரம் சதாசிவம் தன் செட்டைக் காணோம் என்று சின்னையனிடம் வந்தார். போலீஸ் நேராகத் தாவீது வீட்டுக்குப் போனது. தாவீதின் உறைக்குள் இருந்த டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் 'தேன்துளி' என்று எழுதியிருந்தது.

இதற்குத் தாவீது சொன்ன பதில்தான் வேடிக்கை. ஆமாம், இது சதாசிவத்தின் செட்தான் என்று ஒப்புக்கொண்டான். தன் செட்டை ரிகர்சல் ரூமில் உறை போட்டு வைத்திருந்தானாம். உறையோடு அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தானாம். உறைக்குள் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்களாம், தன் செட் எங்கே என்றே தெரியவில்லையாம். சின்னையன் இதை நம்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் நம்பவில்லை.

தாவீது கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டும் வேலையில் தினக்கூலி. நிரந்தரமாக்கும் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது. ஆள் எப்படிப்பட்டவன் என்று விசாரித்து இதே ஸ்டேஷனுக்குத்தான் கடிதம் வரும். திருட்டுக் கேஸ் என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை போயிற்று, பிழைப்பும் போயிற்று. சின்னையன் இன்னும் அந்த வரியை எழுதவில்லை. மாலையில் மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் சதாசிவத்தின் கச்சேரி, அதற்குத் தானும் போவதாகவும் வந்ததும் எழுதிவிடுவதாகவும் சொன்னார்.

"உங்க செட்டுதான் இங்கே இருக்கே. சாயங்காலம் எதை வச்சு வாசிப்பீங்க?" என்று மேடம் சதாசிவத்தைக் கேட்டார்.

மெட்ராஸில் வாடகைக்கு ஒரு கறுப்பு செட் எடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் காபியை உறிஞ்சினார். கேட்ட உடனே தயாராக வரும் பதில் எனக்குப் பிடிப்பதில்லை.

சுவரோரப் பெஞ்சில் தாவீதின் அக்கா ரெபேக்காள் உட்கார்ந்திருந்தாள். எங்களை அழைத்தவள் அவள்தான், ஆனால் எங்கள்மேல் அவளுக்கும் நம்பிக்கை இல்லை. "பொட்டிய பாத்தது போதும். அவன் கைய போய் பாருங்க," என்றாள்.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் தாவீது கையைக் காட்டினான். விரல்கள் வெந்த கிழங்கு மாதிரி உப்பிக் கிடந்தன. உள்ளங்கையில் லத்தி விழுந்த கோடுகள் நீலம் பாரித்திருந்தன. டிரம் அடிப்பவன் என்று பார்த்துப் பார்த்துக் கையிலேயே அடித்திருக்கிறார்கள். எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே அச்சிட முடியாது.

மேடம் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டிரம்மைப் பற்றிக் கேட்டார். அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது போல. முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"ஜப்பான் சாமான் மேடம். வெளிய பாத்தா கல்யாண மாப்ள. உள்ள பாத்தா லேசு மரம், தாள் தாளா ஒட்டி வளச்சிருக்கான், இழைக்கக்கூட இல்ல. ஸ்க்ரூ, கம்பியெல்லாம் ஒயுங்கு. விளிம்புலதான் கோட்ட விட்டுட்டான். தோல் வந்து உக்கார்ற எடமே அந்த விளிம்புதான். அது மேடும் பள்ளமுமா இருந்தா, எவ்ளோ முறுக்கினாலும் ஒரு பக்கம் கத்தும், ஒரு பக்கம் மொணங்கும்."

"விளிம்புக்கு வர்றப்ப அவுங்களுக்குச் சாப்பாட்டு மணி அடிச்சிருக்கும்," என்றேன்.

சதாசிவம் தன் செட்டை வாங்கினபடியே வைத்திருந்தார். தாவீது சும்மா இருக்கவில்லை. மாமல்லபுரத்தில் மாயவன் என்பவரின் கல் பட்டறைக்குத் தன் டிரம்களைத் தூக்கிப்போய், அங்கே கிடந்த வழவழப்பான கருங்கல் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, டிரம்மைக் கவிழ்த்து வைத்து விளிம்பைத் தேய்த்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் டிரம் பேசிய பேச்சே வேறு. பாட்டுக்காரரைக் கூப்பிடாவிட்டாலும் தாவீதைக் கூப்பிடு என்று கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அது சதாசிவத்துக்கு எப்படி இனித்திருக்கும் என்று நானே ஊகித்துக்கொண்டேன்.

"விளிம்பு சரியா வந்துடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று மேடம் கேட்டார்.

"உள்ள டார்ச்ச வச்சி, மேல துணி போட்டு மூடிப் பாத்தேன். விளிம்பு கோணலா இருந்தா அடியில வெளிச்சம் ஒழுகும். என்னுதுல ஒரு பொட்டு வெளிச்சம் வரல. ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

"எதுமேல வச்சுப் பார்த்தே?"

"அதே கல்லு மேலதான்."

"டிரம்மைத் திருப்பித் திருப்பித் தேய்ச்சியா?"

"எங்க மேடம் திருப்புறது? கல்லுக்கு மூணு பக்கமும் அரகொற செலய அடுக்கி வச்சிருப்பாரு. நிக்க ஒரே எடம். பேட்ஜ் மாட்டுற ஓட்ட என் வயித்த பாத்தாப்பல வச்சி, முன்னயும் பின்னயும் தேச்சேன்."

மேடம் தலையாட்டினார். வெளியே வந்தபோது ரெபேக்காளையும் கூட வரச் சொன்னேன். "நான் இங்க குந்தியிருந்தா அவனுக்கு இன்னொரு அடி உழாது. நீங்க போங்க," என்றாள். போகிற எங்களை அவள் நம்பிப் பார்க்கவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். என் பக்கத்தில் இருந்த மீன்கூடை வழியெல்லாம் என் பேண்ட்டில் சொட்டியது. கூடைக்காரம்மாவிடம் சொன்னதற்கு, பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள் என்றாள். மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். கேஸ் புரிந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்றார். தாகமாக்கும் என்று நினைத்தேன்.

மாயவனின் பட்டறை கடற்கரைக் கோயிலுக்குப் போகும் பாதையில் ஓலைக் கொட்டகை. உள்ளே தலை இல்லாத புத்தர்களும் தும்பிக்கை வராத பிள்ளையார்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் மாயவன் நின்றார். முழுதாக முடிந்த முகம் அது ஒன்றுதான், அதுவும் சிடுசிடுவென்று இருந்தது. தாவீது பெயரைச் சொன்னதும் உளியைக் கீழே போட்டார்.

"அவன் பேர எடுக்காத. உப்புத்தாள வச்சித் தேச்சி என் கல்லு பாலீஷ நாசம் பண்ணிட்டுப் போனவன். இன்னா, இன்னும் டிரம்மு இருக்குதாமா?"

அவன் லாக்கப்பில் இருக்கிறான் என்றேன். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கல்லைப் பார்க்க வேண்டும் என்று மேடம் கேட்டதற்கு, பார்க்கிறதுக்குத்தான் கண் இருக்கிறதே, தொடக் கூடாது என்றார்.

கருங்கல் பலகை மூலையில் கிடந்தது. தாவீது சொன்னது சரி. மூன்று பக்கமும் சிலைகள், நிற்க ஒரே இடம். பார்ப்பதற்கு ஓட்டல் மேஜை மாதிரி மட்டமாகத்தான் இருந்தது. மேடம் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டார். குடிப்பார் என்று பார்த்தால், நேராகக் கல்மேல் ஊற்றினார்.

மாயவன் பாய்ந்து வந்தார். அதற்குள் தண்ணீர் பரவவேண்டிய இடத்தில் பரவாமல், நாலா பக்கமிருந்தும் நழுவி வந்து, கல்லின் நடுவில் நீளமாக ஒரு கோடாகத் தேங்கி நின்றது. கண்ணுக்கே தெரியாத வாய்க்கால். வருஷக்கணக்கில் அதன்மேல் உளி தீட்டித் தீட்டி நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. தன் கல் மட்டம் என்று மாயவன் சாதித்தார். தண்ணீர், 'இல்லை' என்றது.

தாவீதின் கதையில் நின்று தாங்கிய ஒரே கால் இந்தக் கல்தான். காணாமல் போன செட் கிடைத்தாலும், விளிம்பு நேராக இருப்பதால் அது என் டிரம் என்று அவன் சொல்ல இருந்த ஒரே வழியும் போயிற்று. கோணல் கல்லில் தேய்த்தது கோணலாகத்தான் இருக்கும்.

"போச்சு மேடம். ஜப்பான்காரன் பண்ண கோணல எடுத்துட்டு இவன் சொந்தமா ஒரு கோணல் வச்சிருக்கான். தேச்ச கல்லுலயே வச்சிப் பாத்தா வெளிச்சம் எப்டி ஒழுகும்? இவனுக்காகவா மீன் தண்ணில நனஞ்சோம்?"

மேடம் சிரித்தார். அவர் சிரித்தால் எனக்குப் பயம் வரும். மாயவனிடம், மாலைவரை அந்தக் கல்லை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தன் கல்லைத் தான் தொடக் கூடாதா என்று அவர் பின்னாலிருந்து கத்தியது பாதிவழி வரைக்கும் கேட்டது.

லாட்ஜ் சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. சட்டை போடாத வெள்ளைக்காரர்கள் மணலில் புரண்டுகொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் தேன்துளிக் குழு மைக் கட்டிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் சின்னையன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் புளித்தது.

கறுப்பு செட் நடுவில் நின்றது. அதன் அருகே போனதும் என் மூக்கு விழித்துக்கொண்டது. கருங்குழிப் பட்டறைகளில் லாரி பாடிக்கு அடிக்கும் கறுப்பு பெயிண்ட். அந்த வாசனையில்தான் நான் பாதி வயசைக் கழித்தேன், தூக்கத்தில்கூடச் சொல்வேன். இன்னும் சரியாகக் காயவில்லை. மேடத்தைக் கேட்காமலேயே சாவியை எடுத்து டிரம்மின் பக்கவாட்டில் ஒரு கீறு கீறினேன். கறுப்புக்கு அடியில் நீல ஜிகினா மின்னியது.

"பாத்துக்கோ சார், தாவீது செட்டு," என்று நான் திரும்புவதற்குள் சின்னையன் என் காலரைப் பிடித்துவிட்டார்.

சதாசிவம் கொஞ்சமும் அசரவில்லை. வாடகைக்கு விடுகிறவன் பழைய செட்டுக்கு பெயிண்ட் அடித்துத்தான் விடுவான் என்றார். ஜப்பானிலிருந்து வந்ததில் பாதி நீலம்தான், நீலமெல்லாம் தாவீதுடையது என்றால் எதிரே தெரிகிற கடலையும் அவனுக்கே எழுதிக் கொடுக்கலாமே என்றார். குழுக்காரர்கள் சிரித்தார்கள். கீறினதற்கு யார் பதில் சொல்வது என்று சின்னையன் என்னை ஒரு உலுக்கு உலுக்கினார். நல்ல ஜோக்கை எதிரி சொல்லும்போது வரும் வயிற்றெரிச்சலை நான் அன்றைக்குத்தான் முழுசாக அனுபவித்தேன்.

மேடம் எனக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு, தாவீதே சொன்ன சோதனையை இந்த டிரம்மில் ஒருதரம் செய்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்று பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவில் சின்னையன் மயங்கினார்.

லாட்ஜ் வராந்தாவில் கேரம்போர்டு இருந்தது. அதைவிடச் சமமான பலகை ஊரில் எங்கே கிடைக்கும்? டிரம்மின் தோல்களைக் கழற்றி, அடிக்கிற பக்கத்து விளிம்பு பலகையில் படும்படி கவிழ்த்து வைத்தார்கள். உள்ளே டார்ச். மேலே என் துண்டு. பேட்ஜைப் பிடுங்கிவிட்டிருந்தாலும் அதன் ஓட்டை அப்படியே இருந்தது, அதைக் கட்டைவிரலால் நான் அடைத்துக்கொண்டேன்.

டிரம் லேசாக ஆடியது. இரண்டு பக்கமும் அடியிலிருந்து வெளிச்சம் பளிச்சென்று ஒழுகியது.

சதாசிவம் கைதட்டியே சிரித்தார். "தாவீது செட்டு விளிம்புல ஒரு பொட்டு வெளிச்சம் வராதுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார். அவனே தம்பட்டம் அடிச்சான். இது ஆடுது, ஒழுகுது. இது எப்படி அவன் செட்டாகும்? நீங்களே சொல்லுங்க."

"ஒரு பொட்டு வெளிச்சம் வராம இருந்தா அது அவன் செட்டு. அதானே சொல்றீங்க?" என்றார் மேடம்.

"அதான் சொல்றேன். எழுதிக்கூடத் தர்றேன்."

"எழுத வேணாம். சார் கேட்டுக்கிட்டார்." மேடம் சின்னையன் பக்கம் திரும்பினார். "இதே டிரம்மை இன்னொரு இடத்துல ஒருதரம் வச்சுப் பார்க்கணும். நடந்து போற தூரம்தான். அங்கேயும் ஒழுகிச்சுன்னா, என் போர்டைக் கழட்டி உங்க ஸ்டேஷன்ல வெந்நீர் போடக் குடுத்துடறேன். அப்புறம் என் மூஞ்சியே உங்க கண்ணுல படாது."

சின்னையன் முகத்தில் நான் முதல்முதலாகச் சந்தோஷத்தைப் பார்த்தேன். சதாசிவம் கச்சேரிக்கு நேரமாகிறது என்று இழுத்தார். ஒழுகுகிற டிரம் எங்கே வைத்தாலும் ஒழுகத்தானே போகிறது, வாய்யா என்று சின்னையன் அவர் தோளில் கை போட்டு நடத்திக்கொண்டு வந்தார். மேடம் அதே செட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துவரச் சொன்னார், இரண்டு டிரம்களையும் சுமந்தவன் நான். சுமை என்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் என் ஞாபகம் வந்துவிடும்.

மாயவன் எங்களைப் பார்த்ததும் தண்ணீர்ப் பானையைத் தூக்கி மறைத்தார். பொழுது சாய்ந்திருந்தது. கொட்டகைக்குள் சிலைகளுக்கு முகம் மங்கிப்போயிருந்தது. சின்னையன் டிரம்மை வாங்கி இஷ்டத்துக்குக் கல்மேல் கவிழ்த்தார். டார்ச்சை வைத்தோம், துண்டைப் போட்டோம். வெளிச்சம் கேரம்போர்டைவிட மோசமாக ஒழுகியது.

"போர்டு என்ன மரம் மேடம்? நல்லா எரியுமா?" என்றார் சதாசிவம்.

மேடம் என்னைப் பிடித்து, சிலைகளுக்கு நடுவே இருந்த அந்த ஒரே இடத்தில் நிறுத்தினார். டிரம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பேட்ஜ் ஓட்டை என் வயிற்றுக்கு நேராக வந்தது. அதைக் கட்டைவிரலால் அடைத்தேன். டிரம்மை ஒரு தள்ளு தள்ளி, ஒரு இழுப்பு இழுத்தார். சட்டி அடுப்பில் உட்காருவது போல அது கல்லில் பதிந்து உட்கார்ந்தது. ஆட்டம் நின்றது.

வெளிச்சமும் நின்றது. சுற்றிலும் குனிந்து பார்த்தேன், ஒரு பொட்டு இல்லை. டார்ச் வெளிச்சத்தில் என் கட்டைவிரல் நகம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

சதாசிவத்தின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்தக் கல்லு நடுவுல தேஞ்சு போயிருக்கு, சார். கண்ணுக்குத் தெரியாது, தண்ணி ஊத்தினா தெரியும்," என்றார் மேடம். "தாவீது இது மட்டம்னு நம்பி, இங்கேயே நின்னு, டிரம்மைத் திருப்பாமத் தேய்ச்சான். கல்லோட கோணல் அப்படியே விளிம்புல ஏறிடுச்சு. இதே கல்லுல வச்சுப் பார்த்ததால அவனுக்கும் தெரியல. அவன் நேராத் தேய்ச்சிருந்தா நான் தோத்திருப்பேன். நேரான விளிம்பு எந்தப் பலகைக்கும் பொருந்தும். இது உலகத்துல இந்த ஒரு கல்லுக்குத்தான் பொருந்தும், அதுவும் அவன் நின்ன இடத்துலேருந்து வச்சாத்தான்."

சதாசிவம் தற்செயல் என்றார். ஏதோ ஒன்று பொருந்திவிட்டது என்றார். சின்னையன் இரண்டாவது டிரம்மை என் கையிலிருந்து பிடுங்கினார். என்னை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே நின்றார். தோலைத் தானே கழற்றினார். ஓட்டையைத் தன் வயிற்றுக்கு நேராக வைத்துத் தன் விரலாலேயே அடைத்தார். டார்ச்சைப் போட்டுவிட்டு அவ்வளவு பெரிய மனுஷர் வெள்ளைச் சட்டையோடு கல்பொடியில் மண்டியிட்டு, கல்லைச் சுற்றி எட்டும் வரை எட்டிப் பார்த்தார்.

எழுந்தபோது முழங்காலைத் தட்டிக்கொள்ளவில்லை. "மெட்ராஸ்ல எந்தக் கடைய்யா?" என்று கேட்டார்.

சதாசிவம் மவுண்ட் ரோடு என்றார். மவுண்ட் ரோட்டில் எங்கே என்றார் சின்னையன். சதாசிவம் வாசல் பக்கம் நகர்ந்தார். தேன்துளியில் ஒரு துளிகூட மிச்சமில்லை என்று நான் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய சென்ட் வாசனையையும் மீறி வியர்வை நாறியது. அடுத்த நிமிஷம் சின்னையனின் கை, சற்றுமுன் என் காலரில் இருந்த அதே கை, அவர் காலருக்குப் போயிற்று.

ஜீப்பில் வரும்போதே சதாசிவம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ரிகர்சல் ரூமில் உறையை மாற்றிப் போட்டது அவர்தான். தாவீது தனியாகக் குழு ஆரம்பிக்கப்போகிறான் என்று யாரோ சொன்னார்களாம். அவன் டிரம்மும் வேண்டும், அவன் உள்ளேயும் போக வேண்டும். தன் சொந்த செட்டையே அவன் வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டுத் தானே போலீஸைக் கூட்டிப்போயிருக்கிறார். உள்ளே இருந்த பெயர் நிஜமான பெயர் என்பதால்தான் அத்தனை பேரும் ஏமாந்தோம். என்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் ரெபேக்காள் அதே பெஞ்சில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். லாக்கப் கதவு திறந்தது. தாவீது வெளியே வந்தான், சதாசிவம் உள்ளே போனார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவன்மேல் தன்னிடம் ஒன்றுமே கிடையாது, கல்பாக்கத்துக் கடிதம் வந்தால் நல்லவன் என்று எழுதி அனுப்புகிறேன் என்று சின்னையன் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் கட்டடத்துக்குள் வந்ததே இல்லை போலிருக்கிறது.

நடந்ததை மேடம் சொல்லி முடித்ததும் தாவீது கேட்ட முதல் கேள்வி, "அப்ப என் விளிம்பு நேரா இல்லியா மேடம்?" என்பதுதான். அடி வாங்கியபோதுகூட அவன் அப்படிக் கலங்கியிருக்க மாட்டான். கேஸ் முடிகிறவரை அந்த விளிம்பில் கை வைத்தால் நானே உன்னை உள்ளே தள்ளுவேன் என்றார் மேடம்.

அவன் கறுப்பு டிரம்மின் பக்கத்தில் போய் நின்றான். வழியிலேயே ஜீப்பில் தோலை மாட்டி முறுக்கி வைத்திருந்தேன். மூலையில் கிடந்த தன் உறையிலிருந்து டிரம் குச்சியை எடுக்கப் பார்த்தான். விரல்கள் மடங்கவில்லை. குச்சி தரையில் விழுந்து உருண்டது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அதை அவன் இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நேராகச் சின்னையன் மேஜைக்குப் போய் அவரிடம் நீட்டினான்.

"என்னால புடிக்க முடியல சார். நீங்க அடிங்க. என் டிரம்மு சத்தத்த நான் கேக்கணும்."

சின்னையன் முகம் சிவந்தது. போடா வெளியே என்று அவர் வாய் திறப்பதற்குள் மேடம் மேஜைமேல் இருந்த டெலிபோனைத் தன் பக்கம் இழுத்துவைத்தார். "கேஸே எழுதாம ஒருத்தனை உள்ளே வச்சுக் கையை உடைச்சதை எஸ்.பி.க்குச் சொல்லணும்னா, அவர் வீட்டு நம்பரை நான் தேட வேண்டியதில்லை, சார். இத்தனை வருஷம் போட்டுக் குடுத்த நம்பர்தான்," என்றார்.

சின்னையன் குச்சியை வாங்கினார். எழுந்து வந்தார். டிரம்மின்மேல் ஒரு தட்டுத் தட்டினார். கோணலானாலும் மேடுபள்ளம் இல்லாத சீரான கோணல் போலிருக்கிறது, கணீரென்று, உள்ளே ஒரு முணுமுணுப்பும் இல்லாமல், ஒரே குரலில் சத்தம் எழுந்து ஸ்டேஷன் முழுக்கப் பரவியது. தாவீது கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கம்பிக்குப் பின்னால் சதாசிவம் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னையன் குச்சியை மேஜைமேல் வைக்கப் போனார்.

"வைக்காதீங்க சார்," என்றாள் ரெபேக்காள் பெஞ்சிலிருந்து. "நேத்து இதே எடத்துல குந்திக்கினு அவன் கையில உழுந்த ஒவ்வொரு அடியா எண்ணுனேன். அதுல இப்ப ஒண்ணுதான் ஆச்சு."